சுருட்டை முடி சோறு போடுமா?

அக்கா மகள் பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது எனக்கென்று ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தாள். உள்ளே மூன்று புட்டிகள், அகலப் பல் சீப்பு ஒன்று, பழைய பருத்தி டி-ஷர்ட் ஒன்று, நோட்டுத்தாளில் அவள் கைப்பட எழுதிய ஒன்பது கட்டளைகள். "முடி காஞ்சிருக்கும்போது சீப்பு வைக்கவே கூடாது சித்தி" என்பது முதல் கட்டளை. சல்பேட் இல்லாத ஷாம்புவால் அலச வேண்டும். சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே கண்டிஷனர் தடவி விரலால் சிக்கெடுக்க வேண்டும். ஜெல் தேய்த்து, முடியைக் கீழிருந்து மேலாகக் கசக்கிவிட வேண்டும். துண்டு கூடாது, டி-ஷர்ட்டில்தான் சுற்ற வேண்டும். காயும்வரை தொடவே கூடாது.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. கரியாலூரில் ஆறு வருடமாக வரலாற்று ஆசிரியை. ஒன்பது கட்டளைகளையும் படித்துவிட்டுப் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மூன்று மாதம் அது அங்கேயே கிடந்தது. "இன்னும் திறக்கலையா?" என்று அவள் போனில் கேட்கும்போதெல்லாம் மலையில் தண்ணீர் இல்லை, வெயில் இல்லை, நேரம் இல்லை என்று ஏதாவது சொன்னேன். அவற்றில் பாதி உண்மை. மீதி உண்மையை அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெண் பிள்ளைகளின் தலையைச் சோதிக்கும் வேலை என்னுடையது.

எண்ணெய் வைத்திருக்கிறதா, வகிடு நேராக இருக்கிறதா, இரட்டைச் சடை மடித்து ரிப்பன் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். கோரை முடிப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் அரைமணி நேரத்தில் நெற்றியோரம் சுருள் எழும்பி நிற்கும். ஒருநாள் அவளை வரிசையிலிருந்து வெளியே நிறுத்தி, "போய்த் தலைய ஒழுங்கா வாரிக்கிட்டு வா" என்றேன். தண்ணீர்க் குழாயடிக்குப் போய் முடியை நனைத்து ஒட்டிக்கொண்டு வந்து நின்றாள். முகமெல்லாம் தண்ணீர் வழிந்தது. பிறகு வகுப்பில் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், உங்க முடியும் சுருட்டைதானே? நீங்க எப்படி அடக்குறீங்க?"

கேலியாக அவள் கேட்கவில்லை. வழி தெரிந்தால் சொல்லுங்கள் என்றுதான் கேட்டாள்.

அடக்குவது எப்படி என்று எனக்குத் தெரியும். சின்னசேலம் பக்கத்துக் கிராமத்தில் என் அம்மா அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். உள்ளங்கை நிறையத் தேங்காயெண்ணெய், முழங்காலுக்கு இடையே என்னை இறுக்கிக்கொண்டு ஒரு வாரல், புருவம் மேலே இழுபடும் அளவுக்கு ஒரு பின்னல். பள்ளியில் என் பட்டப்பெயர் "பரட்டை". 1977-இல் வெளிவந்த '16 வயதினிலே' படத்தில் ரஜினிகாந்தின் பாத்திரத்துக்கு அந்தப் பெயர் வைத்தபின் அது ஊர் ஊராகப் போனது. ரஜினிக்கு அது கைதட்டல் வாங்கிக் கொடுத்தது, எனக்கு வாங்கிக் கொடுக்கவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், எங்கள் ஊர்ப் பழமொழி என் பக்கம்தான் இருந்தது. "சுருட்டை முடி சோறு போடும், கோரை முடி குடியைக் கெடுக்கும்" என்பார் பாட்டி. பெண் பார்க்க வருபவர்கள் கூந்தலின் நீளத்தைப் பார்ப்பார்கள், சவுரி வைத்திருக்கிறதா என்று கண்ணால் தேடுவார்கள், சுருட்டை என்றால் ராசி என்பார்கள். சிறுமியாக இருந்தபோது இந்தப் பழமொழியை நான் கவசம்போல வைத்திருந்தேன். கல்லூரிக்குப் போனபின்தான் அதில் கேட்க வேண்டிய கேள்வி உறைத்தது. சோறு யாருக்கு? குடி யாருடையது? சுருட்டையைப் புகழும் பாதியும் கோரையைத் திட்டும் பாதியும் பெண்ணின் தலையைப் புகுந்த வீட்டின் வரவு செலவுக் கணக்காகத்தான் படிக்கின்றன. கணவன் வீட்டில் மாடு செத்தால் அதற்கும் அவள் மயிரில் காரணம் தேடலாம்.

பழமொழி சுருட்டையைப் புகழ, அம்மா ஏன் அதை எண்ணெயில் முக்கி மறைத்தார்? பதிலைத் தேடித்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். எனக்குப் படுவது இதுதான். தமிழ்நாட்டில் சுருளைவிட அச்சம் தருவது விரிந்த முடி. சுருட்டை முடியோ கட்டியிருக்கும்போதே விரிந்ததுபோலத் தோன்றுகிறது.

"தலைவிரி கோலம்" என்ற சொல்லைப் பாருங்கள். இழவு வீட்டிலும் சாமியாட்டத்திலும் ஆத்திரத்திலும்தான் அது வரும். பழந்தமிழ் இலக்கியத்தில் போர்க்களத்துப் பேய்மகளுக்கு விரிந்து பரந்த தலை. கணவனை இழந்தவள் கூந்தலைக் களைவதும் சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது. பிற்காலத்தில் பார்ப்பனக் குடும்பங்களில் இளம் விதவைக்கு மொட்டை அடிப்பது இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. மணமானவளுக்குக் கட்டிய முடி, இழந்தவளுக்கு முடியே இல்லை, பேய்க்கும் காளிக்கும் மட்டும் விரிந்த முடி. இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு பெண் தன் தலைமுடியைச் சும்மா காயவிடுவதற்கு இடமே இல்லை.

எங்கள் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திரௌபதி அம்மன் வழிபாட்டின் நெஞ்சுப்பகுதி செஞ்சி வட்டாரம். எங்கள் ஊரிலும் பாரதக் கூத்து நடக்கும். துச்சாதனன் கூந்தலைப் பிடித்து இழுத்துவரும் இரவில் விரிந்த முடியைப் பதினெட்டாம் போர் முடியும்வரை முடியமாட்டேன் என்பாள் திரௌபதி. படுகளத்தன்று மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் தரையில் மல்லாந்து கிடக்கும். அதன் தொடையை வீமன் பிளந்ததும் அந்தச் சிவப்பைத் தொட்டுக் கூந்தலை முடிவார்கள். அதற்குப் பிறகுதான் தீமிதி. எட்டு வயதில் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து என் பின்னலை அவிழ்த்துவிட்டு ஆடினேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தார். "வீட்டுல தலைய விரிச்சுப் போடாதடி, குடும்பத்துக்கு ஆகாது." திரௌபதி விரித்தால் பாரதம், நான் விரித்தால் அடி.

முடியையே வெட்டிவிட்டால் என்ன என்ற யோசனையும் நமக்குப் புதிதல்ல. பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும், ஆண்களைப்போல எளிதாக உடுத்த வேண்டும் என்று பெரியார் மேடைதோறும் பேசினார். அலங்காரத்துக்குச் செலவாகும் நேரத்தைப் பெண் தனக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கணக்கு. அக்கா மகளின் ஒன்பது கட்டளைகளைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பெரியார்தான். ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மணிநேரம் முடிக்குப் போனால் அது விடுதலையா, இன்னொரு சமையல்கட்டா? இந்தக் கேள்வியை நான் இன்னும் முழுசாகக் கைவிடவில்லை.

*

சென்னைக்குப் போகும்போதெல்லாம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போவது என் பழக்கம். அங்குள்ள செப்புத் திருமேனிகள் கூடத்தில் எல்லோரும் சிலைகளை முன்னாலிருந்து பார்ப்பார்கள். பின்னால் போய்ப் பாருங்கள். சோழர் காலத்து அம்மன் திருமேனிகளில் சிரச்சக்கரத்துக்குக் கீழே, பிடரியிலும் தோளிலும் சுருள் சுருளாக முடி இறங்கும். ஒவ்வொரு சுருளையும் தனித்தனியாக மெழுகில் உருட்டி வைத்திருக்கிறான் சிற்பி. கூந்தலை ஐந்து வகையாக முடிப்பதை ஐம்பால் என்று சொன்ன மொழி நம்முடையது. அந்த ஐந்தில் சுருளும் ஒன்று என்கின்றன நிகண்டுகள். அளகம், ஓதி, கதுப்பு, குழல், கூழை என்று கூந்தலுக்கு இத்தனை பெயர் வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று மிஞ்சியிருப்பது "பரட்டை".

அதே வளாகத்தில்தான் எட்கர் தர்ஸ்டன் இருந்தார். 1885 முதல் 1908 வரை அந்த அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். தென்னிந்தியாவெங்கும் போய் மக்களின் தலை நீளம், தலை அகலம், மூக்கின் உயரம், அகலம் என்று கருவி வைத்து அளந்தவர். தோல் நிறத்தையும் முடியின் தன்மையையும் குறித்துக்கொண்டார். கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் 'தென்னிந்தியாவின் சாதிகளும் பழங்குடிகளும்' என்ற ஏழு தொகுதிகளை வெளியிட்டார். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிகளும் அதன் நான்காம் தொகுதியில் இருக்கிறார்கள். (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் இவர்கள் மலையாளிகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழியினர் என்பது இவர்களின் வாய்மொழி மரபு. பேசுவது தமிழ்.) என் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்களின் கொள்ளுப்பேத்திகள்.

அந்தக் காலத்து ஐரோப்பிய மானிடவியலில் முடி ஒரு சான்று. நேரான முடி, அலை முடி, கம்பளி முடி என்று உலக மக்களைப் பிரித்து, அந்தப் பிரிவுகளை மேலிருந்து கீழாக அடுக்கினார்கள். ஆனைமலைக் காடர்களும் வயநாட்டுப் பணியர்களும் ஆப்பிரிக்க வழியினரா இல்லையா என்ற விவாதம் பல பத்தாண்டுகள் அவர்களின் சுருள்முடியைச் சுற்றியே நடந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக இந்தியர்களை இன வகைகளாகப் பிரித்த பி. எஸ். குஹாவும் காடர்களின் சுருள்முடியைக் 'கறுப்பின' கலப்புக்கு ஆதாரமாகக் காட்டியவர். சிலையில் இருந்தால் கலை, காட்டுப் பெண்ணின் தலையில் இருந்தால் இன அடையாளம். இரண்டும் ஒரே மதிற்சுவருக்குள்.

இது ஏட்டோடு நின்ற பைத்தியமல்ல. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் பிள்ளைகள் வாழ்ந்த தென்னாப்பிரிக்காவில், 1950-இல் மக்கள் பதிவுச் சட்டம் வந்தது. ஒருவர் வெள்ளையரா, கறுப்பரா, கலப்பினத்தவரா என்று அரசு முத்திரை குத்த வேண்டும். ஐயம் வந்தால் அதிகாரி ஒரு பென்சிலைத் தலைமுடிக்குள் செருகுவார். பென்சில் வழுக்கி விழுந்தால் வெள்ளை, சிக்கி நின்றால் இல்லை. எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரை மணக்கலாம் என்பதை ஒரு பென்சில் தீர்மானித்தது. 1991 வரை அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. அப்போது நான் பள்ளியில், அம்மாவின் முழங்காலுக்கு இடையே.

இதைப் படித்த நாளில் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் முகத்தில் வழிந்த தண்ணீர் ஞாபகம் வந்தது. என் கையில் பென்சில் இல்லை என்பதைத் தவிர வேறு என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

*

அக்கா மகளின் ஒன்பது கட்டளைகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப்போனால் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடம்தான் போய் நிற்க வேண்டும். 1786-இல் ஸ்பானிய ஆட்சியில் இருந்த லூசியானாவில் ஆளுநர் ஒருவர், விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்கள் தங்கள் முடியைத் துணியால் மூடிக்கட்ட வேண்டும் என்று ஆணையிட்டார். அவர்களின் கூந்தல் அலங்காரம் வெள்ளைப் பெண்களின் பொறாமையைக் கிளப்பியதுதான் குற்றம். அவர்களோ பட்டையும் இறகையும் வைத்துத் தலைப்பாகையையே அலங்காரமாக்கிவிட்டார்கள். அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு 1867-இல் பிறந்த மேடம் சி. ஜே. வாக்கர், தலைமுடிப் பராமரிப்புப் பொருள்களை விற்றே பெரும் செல்வம் சேர்த்து ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களுக்கு விற்பனை முகவர் வேலை கொடுத்தார். சூடான சீப்பும் நேராக்கும் களிம்பும் பல பத்தாண்டுகள் கோலோச்சின. 1960-களில் ஆஃப்ரோ வந்தது. ஏஞ்சலா டேவிஸின் தலை ஓர் அரசியல் சுவரொட்டியானது.

நாமும் இந்தக் கதையில் இருக்கிறோம், ஆனால் சங்கடமான ஓர் இடத்தில். திருப்பதியில் நேர்த்திக்கடனாகப் பெண்கள் இறக்கும் முடி ஏலம் போய், கடல் கடந்து, அமெரிக்கக் கடைகளில் 'இந்திய முடி' என்று உயர்ந்த விலைக்கு விற்கிறது. கறுப்பினப் பெண்கள் அதை வாங்கித் தங்கள் சுருளுக்கு மேல் தைத்துக்கொண்டார்கள். 2009-இல் வெளியான 'குட் ஹேர்' என்ற ஆவணப்படத்தில் நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக் அந்த முடியைத் தேடி இந்தியாவுக்கே வந்து காட்டினார். முடி கொடுத்த நம் பெண்களுக்கு அதில் காசு ஒன்றும் கிடைப்பதில்லை, அவர்கள் சாமிக்குத்தான் கொடுத்தார்கள். ஆக, சுருளை மறைக்க நம் முடி அங்கே போயிற்று. சுருளை வெளிக்காட்டும் வழி அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது.

வழியில் அது கைமாறியும் இருக்கிறது. இந்தப் பராமரிப்பு முறைக்குப் பெயர் கொடுத்து 2000-களின் தொடக்கத்தில் புத்தகமாக்கியவர் லொரெய்ன் மேசி என்ற வெள்ளைக்காரச் சிகையலங்காரக் கலைஞர். சீப்பை ஈரத்தில்தான் வைக்க வேண்டும், எண்ணெய்ப் பசையைக் காக்க வேண்டும் என்பது கறுப்பினப் பெண்களுக்குப் பாட்டிகாலத்துச் செய்தி. சுருளுக்கு எண் கொடுப்பது ஓப்ரா வின்ஃப்ரியின் சிகையலங்காரக் கலைஞராக இருந்த ஆண்ட்ரே வாக்கர் 1990-களில் கொண்டுவந்தது. நேர்முடி ஒன்று, அலை இரண்டு, சுருள் மூன்று, இறுக்கமான சுருள் நான்கு. அக்கா மகள் என் தலையைப் பார்த்து, "நீங்க 3ஏ சித்தி, பின்னாடி மட்டும் 2சி" என்றாள். நான் சிரித்துவிட்டேன். தர்ஸ்டன் போய் நூறு வருடமாகிவிட்டது, அட்டவணை மட்டும் போகவில்லை. அதிலும் எண் ஏற ஏறச் சுருள் இறுகுகிறது, இறுக இறுக விளம்பரங்களில் அந்தத் தலை குறைகிறது. 2015-இல் 'பிரேமம்' வந்தபோது அனுபமா பரமேஸ்வரனின் சுருள்முடியைச் சென்னையே கொண்டாடியது. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் வெளுத்த தோலில் சுருள் இருந்தால் அழகு, கறுத்த தோலில் இருந்தால் பரட்டை என்ற கணக்கு அதனால் மாறிவிடவில்லை.

*

ஷாம்பு கதை எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. தலையைத் தேய்த்துப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் இந்திச் சொல்லை 1810-களில் இங்கிலாந்தின் பிரைட்டனில் குளியலகம் வைத்துப் பரப்பியவர் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது. அந்தச் சொல் நுரையாக மாறி நம்மிடம் திரும்பி வந்தது. ஊர்ப்புறத்துத் தலைக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தது கடலூர். பொருள்களைச் சிறு பொட்டலத்தில் அடைத்து விற்கலாம் என்று யோசித்தவர் அவ்வூர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். அன்று கடலூரும் கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். ஊர் ஊராகப் போய்ச் சிறுவர்களை உட்கார வைத்துத் தலைக்கு ஊற்றிக் காட்டி, தொட்டுப் பார், மோந்து பார் என்று விற்றார்கள். சிறுவர்களை என்பதைக் கவனியுங்கள். நடுத்தெருவில் உட்கார்ந்து தலையை விரிக்க எந்தப் பெண் வந்திருப்பாள்?

இதை நான் இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. முழுப் புட்டி வாங்க முடியாத கூலிக்காரப் பெண்ணுக்கு அந்தச் சில்லறைப் பொட்டலம் ஒரு சின்ன கௌரவத்தைக் கொடுத்தது. அதற்கு முன் பலர் தலைக்குத் தேய்த்தது துணி சோப்பு. அதன் காரத்தில் முடி நாராகிவிடும்.

மலையில் வேறொரு பழக்கமும் இருந்தது, இருக்கிறது. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் காடு தருவது. துரிஞ்சி என்றும் உசிலை என்றும் சொல்லும் மரத்தின் இலையை நிழலில் உலர்த்தி இடித்தால் அரப்பு. கல்வராயன் மலைக் கடுக்காய்க்கு வெளியூரில் பெயர் உண்டு. 1976 வரை இந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது, அதற்குப் பிறகுதான் அரசு நேரடியாக வந்தது. இந்தச் சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் மலை மக்களுக்கு உள்ள உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம்தான் எழுத்தில் ஒத்துக்கொண்டது. மலைப்பெண் பொறுக்கும் காய் மூட்டையில் கீழே இறங்குகிறது, பொட்டலமாகக் கரியாலூர் பெட்டிக்கடைக்குத் திரும்பி ஏறுகிறது.

அறிவியலும் இந்தப் பழைய பழக்கங்களுக்கு எதிரியல்ல. முடி வளரும் குழி வட்டமாக இருந்தால் முடி நேராக வரும், நீள்வட்டமாக, சாய்ந்து இருந்தால் சுருளும். தலைத்தோலில் ஊறும் இயற்கை எண்ணெய் நேர்முடியில் வழுக்கி நுனிவரை இறங்கும். சுருளில் ஒவ்வொரு வளைவிலும் தடைபடும். அதனால்தான் சுருட்டை எப்போதும் வறண்டிருக்கிறது. நுரை பொங்கும் சல்பேட் அந்தக் கொஞ்ச எண்ணெயையும் வழித்துவிடுகிறது. சீயக்காயிலும் அரப்பிலும் இருக்கும் சப்போனின் அழுக்கை மென்மையாக எடுக்கிறது. முடி நனைந்தால் அதன் புரதத்துக்குள் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடும், காயும்போது மறுபடி கட்டிக்கொள்ளும். எந்த வடிவில் காய்கிறதோ அந்த வடிவில் நிற்கும். காய்ந்தபின் சீப்பு வைத்தால் சுருள்கள் பிரிந்து பஞ்சாகும். என் அம்மா நாள்தோறும் காலையில் செய்தது அதுதான். பரட்டையை அடக்க வாரினார், வாரியதால் அது பரட்டையானது. ஆனால் அவர் வைத்த தேங்காயெண்ணெய் வீண் போகவில்லை. அது முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-இல் இந்திய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

திருமணத்துக்கு முன் இருபத்தாறு வயதில் ஒரு நகரத்து அழகு நிலையத்தில் 4,500 ரூபாய் கொடுத்து முடியை நேராக்கிக்கொண்டேன். கண்ணீர் வரும் நெடி. "அடிக்கடி செஞ்சுக்கலாம் மேடம், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். ஆறு வருடம் செய்துகொண்டேன். 2022-இல் அமெரிக்காவில் 33,497 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு வெளியானது. முடி நேராக்கும் ரசாயனங்களை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம். ஆண்டுக்கு நான்கு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம். இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை உறுதிசெய்வது அல்ல. சதவீதமும் சிறிதுதான். ஆனாலும் என் கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போது அந்த நேரான முடியைப் பார்த்தால் இப்போது எனக்கு நெடிதான் வருகிறது.

*

அப்படியானால் பெட்டியைத் திறக்க என்ன தடை?

அந்த மூன்று புட்டியும் சேர்ந்து 1,700 ரூபாய், இரண்டு மாதம் வரும். எனக்குச் சம்பளம் வருகிறது, வாங்கலாம். ஆனால் அந்தப் பெண்ணிடம் "நான் இப்படித்தான் அடக்குகிறேன்" என்று இந்தப் புட்டியைக் காட்ட முடியுமா? அவள் அப்பா மரவள்ளி போட்டிருக்கிறார். அம்மா கூலிக்குப் போகிறார். விடுதியில் குழாய் ஒன்று, வரிசை நீளம், ஒரு வாளித் தண்ணீரில் தலையும் உடம்பும் துணியும் முடிய வேண்டும். கண்டிஷனரை அலசி எடுக்கவே ஒரு வாளி போதாது. இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இரட்டைச் சடை வெறும் அடக்குமுறை மட்டுமல்ல. நாற்பது பிள்ளைகள் பாய் ஒட்டிப் படுக்கும் இடத்தில் விரித்த முடி என்றால் பேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் படிக்கட்டில் ஒருத்திக்குப் பின் ஒருத்தி ரயில்பெட்டிபோல உட்கார்ந்து, பேன் சீப்பும் ஈர்கோலியுமாகத் தலை பார்ப்பார்கள். அந்த ஒரு மணிநேரத்தில்தான் விடுதியின் எல்லாக் கதையும் வெளியே வரும். பின்னலை ஒழித்துவிடலாம் என்று எழுதுவது எளிது. வேப்பெண்ணெய் வாங்கிக் கொடுப்பவர் யார் என்று விடுதிக் காப்பாளர் என்னைக் கேட்பார்.

எனக்குள் இருந்த பெரிய தடை இதுவும் அல்ல. நான் சுருளை அவிழ்த்துவிட்டு வந்தால், அடுத்த நாள் காலை எந்த முகத்தோடு பிள்ளைகளின் நெற்றியோரச் சுருளைச் சோதிப்பேன்?

சித்திரை முதல் வாரத்தில் பெட்டியைத் திறந்தேன். ஷாம்புவையும் ஜெல்லையும் ஓரமாக வைத்துவிட்டு, சீப்பையும் டி-ஷர்ட்டையும் மட்டும் எடுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா இடித்துவைத்திருந்த அரப்பில் ஒரு குவளை வாங்கி, ஆறிய சோற்றுக் கஞ்சியில் கரைத்துத் தேய்த்தேன். அலசியதும் ஈரத்திலேயே சிக்கெடுத்து, நாலு சொட்டுத் தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் பரப்பிக் கசக்கிவிட்டேன். முதல் தடவை அரப்புத்தூள் முடிக்குள் நின்றுவிட்டது, உதறினால் பொடியாக உதிர்ந்தது. இரண்டாவது தடவை வெள்ளைத்துணியில் வடிகட்டினேன். மூன்றாவது வாரம் முன்நெற்றியில் ஒரு சுருள் அப்படியே விரலைச் சுற்றி நின்றது. இருபது வருடமாக அதை நான் பார்த்ததில்லை.

ஆசிரியர் கூட்டத்தில் பேசினேன். "இரட்டைச் சடை" என்று இருப்பதை "முடி கட்டியிருக்க வேண்டும்" என்று மாற்றலாம், ஒற்றைப் பின்னலோ கொண்டையோ எதுவானாலும் சரி என்றேன். சுருள் எழும்பி நிற்பதற்காக யாரையும் வெளியே நிறுத்த வேண்டாம் என்றேன். ஒரு சார் சிரித்தார். "டீச்சருக்கு ஃபேஷன் வந்துடுச்சு." தலைமையாசிரியை சிரிக்கவில்லை. "அடுத்த பருவத்துக்குப் பார்க்கலாம் மேடம், பெத்தவங்க என்ன சொல்லுவாங்களோ" என்றார். பெற்றோர் கூட்டத்தில் பேசியவர்களில் ஒரு பாட்டி மட்டும்தான் முடியைப் பற்றிக் கேட்டார். அவருக்கு விதியைப் பற்றிக் கவலையில்லை. "எண்ணெய்க்கு வேற காசு குடுக்கணுமா?" என்றார்.

விதி இன்னும் மாறவில்லை. காலைச் சோதனையை மட்டும் நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது வேறொரு ஆசிரியை செய்கிறார். அவர் நல்லவர், ஆனாலும் வகிடு பார்க்கிறார். சோதனையை வாங்கிக்கொண்டு சும்மா கடந்துபோயிருந்தால் பிள்ளைகளுக்கு உதவியிருக்குமோ என்று சில காலைகளில் தோன்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை விடுதிப் படிக்கட்டுக்கு அகலப் பல் சீப்பையும் ஒரு டப்பா அரப்பையும் எடுத்துக்கொண்டு போனேன். அவள் தலை அலசி ஈரமாக உட்கார்ந்திருந்தாள். நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே சிக்கெடுத்தேன். அம்மா எனக்கு ஒருநாளும் நுனியிலிருந்து வாரியதில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவள், "இவளுக்கு மட்டும் ஏன் டீச்சர்?" என்று கேட்டாள். "நீயும் வா" என்றேன். டி-ஷர்ட்டால் ஒற்றி எடுத்துவிட்டு வெயிலில் உட்கார வைத்தேன்.

"இப்ப என்ன செய்யணும் டீச்சர்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. காயட்டும்."

"தொடக்கூட கூடாதா?"

"கூடாது."

இரண்டு கையையும் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு மணி பஸ் வெள்ளிமலைப் பக்கமிருந்து வந்து நின்று போயிற்று. அதுவரை கையை எடுக்கவில்லை.